பபூன் என்றொரு சொல்

சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) வழிவந்த இசைநாடக மேடையில் பபூன் தலைகாட்டியதுமே கொட்டகை கலகலக்கும். அப்பெயர் எங்கிருந்து வந்தது?

ஆங்கிலத்தின் ‘பஃபூன்’ நம் நாவில் ‘பபூன்’ ஆயிற்று. ஆங்கிலம் அதைப் பிரெஞ்சிடமும், பிரெஞ்சு இத்தாலியிடமும் பெற்றன. இத்தாலியில் ‘புஃபாரே’ என்றால் ஊதுதல். கன்னத்தை உப்பவைத்து ஊதிச் சிரிப்பூட்டியவனுக்கே அப்பெயர் முதலிற் பொருந்திற்று என்பர்.

வடமொழி விதூஷகன் பெயரில் ‘தூஷ்’, அதாவது பழித்தல், உண்டு. அரசனின் தோழனாகிய அவன், அரசனையே கேலிசெய்யும் உரிமை பெற்றவன். நமது கோமாளியோ, குதித்து விளையாடுதலைக் குறிக்கும் ‘கோமாளம்’ என்ற சொல்லின் உறவு எனலாம். ஊதுகிறான், பழிக்கிறான், குதிக்கிறான். மூன்றும் செயலால் வந்த பெயர்கள். அறிவின்மை எதிலும் இல்லை.

ஆனால் இன்று ‘அவன் ஒரு பபூன்’ என்றால் அறிவிலி என்றே கொள்கிறோம். மேடையில் ராசா கதைக்குள் மட்டும் நிற்பார். பபூன் கதையிலும் நிற்பான், வெளியே வந்து சபையோருடனும் பேசுவான். தாளம் பிசகாமற் சிரிப்பு மூட்டுவது இலேசான காரியமன்று. ஒருவரை இழித்துரைக்க அச்சொல்லை எடுக்குமுன், அப்பெயரைச் சுமந்து ஊரைச் சிரிக்கவைத்த கலைஞர்களை ஒருகணம் நினைப்போமா?