ஆங்கிலப் பேச்சு வழக்கும் பண்பாடும்

(இளைஞர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



ஆங்கில இலக்கணம் கற்பிப்பதற்கு இந்நகரத்தில் ஆட்குறைவு இல்லை. வெள்ளவத்தையிலே காலி வீதி வழியாகச் சிறிது தூரம் நடந்தாற் போதும், ஏதேனும் ஓர் ஆங்கில வகுப்பின் பெயர்ப்பலகை கண்ணிற்படும். அங்கே வினைச்சொல்லும் காலமும் கற்பிக்கிறார்கள். நல்லது. ஆனால் கோட்டையில் ஒரு கந்தோரில் வேலைக்குச் சேரும் நம் பையன் முதல் நாளிலே திகைப்பது இலக்கணத்தினால் அன்று. அவன் பிழையின்றிக் கடிதம் எழுதுவான். மத்தியானம் மற்றவர்கள் கூடியிருந்து சிரித்துப் பேசும்போதுதான், எதற்குச் சிரிக்கிறார்கள் என்று விளங்காமல் தன் சோற்றுப் பொதியையே பார்த்துக்கொண்டிருப்பான். இரண்டு மாதத்துக்குள் ‘பெருமைக்காரன், ஒருவரோடும் சேரமாட்டான்’ என்ற பெயர் அவனுக்கு வந்துவிடும். அவனிடம் இல்லாதது ஆங்கிலேயர் ‘ஸ்லாங்’ என்று சொல்லும் அன்றாடப் பேச்சு வழக்கு ஒன்றே. அதுபற்றியே இன்று பேச வந்தேன்.

“அது கொச்சையல்லவா, அதையுமா கற்பது?” என்று பெரியோர் சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். நம் இலக்கண ஆசிரியர்கள் அப்படி முகஞ்சுளிக்கவில்லை. 13ஆம் நூற்றாண்டிலே பவணந்தி முனிவர் தகுதி வழக்கு என்று மூன்றினை வகுத்து, அவற்றுக்கு இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என்று பெயருஞ் சொன்னார். பொற்கொல்லர் தமக்குள்ளே பொன்னைப் ‘பறி’ என்பர் என்ற உதாரணத்தைப் பள்ளியிற் படித்திருப்பீர்கள். எதிரே நிற்பவனுக்கு விளங்கக்கூடாது, தம்மவனுக்கு மட்டும் விளங்கவேண்டும் என்பதே அச்சொல்லின் பயன்.

லண்டன் நகரின் கிழக்குப் பகுதித் தொழிலாளரும் சந்தைக்காரரும் செய்ததும் அதுவே. தலைக்கு ஆங்கிலத்தில் ‘ஹெட்’. அதற்கு ஒலியொத்த ‘லோஃப் ஒஃப் பிரெட்’ என்ற தொடரை, அதாவது ஓர் இறாத்தல் பாணை, தலைக்குப் பெயராக்கினார்கள். பிறகு ஒலியொத்த ‘பிரெட்’டையும் கழித்துவிட்டு ‘லோஃப்’ என்பதை மாத்திரம் வைத்துக்கொண்டார்கள். “யூஸ் யுவர் லோஃப்” என்று ஒருவன் சொன்னால் மூளையைப் பாவிக்கச் சொல்கிறான் என்பது பொருள். சொல்லுக்குச் சொல் பொருள் பார்ப்பவன் பாணைத் தேடித்தான் போவான்.

இடக்கரடக்கலும் அவர்களிடத்தில் உண்டு. நாம் ‘கால் கழுவி வருகிறேன்’ என்பதுபோல, ‘ஒரு பெனி செலவழித்துவிட்டு வருகிறேன்’ என்பது பழைய ஆங்கிலேயப் பெண்மணிகளின் பேச்சு. பொதுக் கழிப்பிடக் கதவின் பூட்டிலே ஒரு பெனி நாணயத்தைப் போட்டால்தான் அது திறக்கும் என்றிருந்த காலத்தின் நினைவு அது.

மங்கலத்துக்கு வருவோம். செத்தாரைத் ‘துஞ்சினார்’ என்பது நூலில் உள்ள உதாரணம். நம் வீட்டு வாசலில் நாள்தோறும் கேட்கும் உதாரணம் வேறொன்று உண்டு. ‘போறன்’ என்று எந்தப் பிள்ளையாவது சொல்லிவிட்டுப் படியிறங்கினால் ஆச்சி விடுவாரா? ‘போயிட்டு வாறன்’ என்று சொல்வித்த பிறகே அனுப்புவார். இதையே நாம் கொழும்பு ஆங்கிலத்தில் “ஐ வில் கோ அன்ட் கம்” என்கிறோம். சிங்களச் சகோதரர் ‘கிஹின் என்னம்’ என்பதும் இதே கருத்துத்தான். ஆகவே அவர்களும் ஆங்கிலத்தில் இவ்வாறே சொல்கிறார்கள். லண்டன்காரன் கேட்டால், இவர் சற்று நேரத்தில் திரும்பி வருவார் என்று கதவைத் திறந்து வைத்துக் காத்திருப்பான்! இத்தொடரைப் பிழை என்று சிவப்பு மையால் வெட்டும் ஆசிரியர்கள் உண்டு. இதை நான் பிழை என்று ஒப்பமாட்டேன். ஆச்சியின் சொல் ஆங்கிலச் சட்டை போட்டுக்கொண்டு நிற்கிறது, அவ்வளவுதான். ஆனால் லண்டனிலோ ரொறன்ரோவிலோ விடைபெறும்போது அங்கே எவ்வாறு விடைபெறுகிறார்கள் என்பதும் தெரிந்திருக்கவேண்டும்.

‘மச்சான்’ என்ற சொல்லையும் எடுத்துக்கொள்ளுங்கள். நமக்கு அது தாய்மாமன் மகன், அத்தை மகன், அக்காளின் கணவன் என்ற உறவு. கொழும்பு இளைஞரின் ஆங்கிலத்திலோ இனம், மதம் பாராமல் நண்பனையெல்லாம் அழைக்கும் சொல் அது. ‘அங்கிள்’, ‘அன்ரி’ இதற்கு மறுதலையாக வந்தவை. அவை ஆங்கிலச் சொற்களே. ஆயினும் முன்பின் அறியாத முதியவரையும் உறவு சொல்லி அழைக்கவேண்டும் என்ற நம் வழக்கம் அவற்றுக்குள்ளே புகுந்துகொண்டது.

நம்மிடமிருந்து போன சொற்களும் பல. சுருட்டு ‘செரூட்’ ஆயிற்று; மிளகு தண்ணீர் ‘மல்லிகட்டானி’ ஆயிற்று. ‘கேஷ்’ என்பது நம் ‘காசு’ என்று பலர் பெருமையோடு சொல்வர். அது முழுவதுஞ் சரியன்று. ரொக்கப் பணத்தைக் குறிக்கும் ‘கேஷ்’ பணப்பெட்டியைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லின் வழியே வந்தது. முற்காலத்திலே சென்னைப் பக்கத்தில் வழங்கிய ‘கேஷ்’ என்ற சிறு நாணயத்தின் பெயரே ‘காசு’ என்பதிலிருந்து பிறந்தது. 2007இல் மைக்கல் மெய்லர் என்னும் ஆங்கிலேயர் இலங்கை ஆங்கிலத்துக்கென்றே ஓர் அகராதி வெளியிட்டார். 2016இல் ‘ஐயோ’ ஒக்ஸ்ஃபோர்ட் அகராதியிலே இடம்பெற்றது. இனி எவரேனும் தம் பிள்ளையை “ஆங்கிலம் பேசும்போது ஐயோ என்னாதே” என்று கண்டிக்க முடியாது.

இவையெல்லாம் வேடிக்கை. வேடிக்கையல்லாத பகுதி ஒன்றும் உண்டு. பேராதனைப் பல்கலைக்கழக மாணவர் ஆங்கிலத்துக்கு வைத்த குழூஉக்குறி ‘கடுவ’ என்பது. சிங்களத்தில் அது வாளைக் குறிக்கும். வெட்டுபவனுக்கு அது ஆயுதம், வெட்டுப்படுபவனுக்குக் காயம். மொழியியலாளர் திரு கந்தையா 1984இல் இச்சொல்லையே தலைப்பாக வைத்துக் கட்டுரை எழுதினார். ஆங்கில ‘ஓ’ ஒலியைச் சற்று மாற்றிச் சொல்பவனை ‘நொட் பொட்’ என்று பரிகசிப்பதும் இவ்வாளின் ஒரு வீச்சே. மண்டபத்தை ‘ஹோல்’ என்று சொன்னதற்காக வாயை மூடிக்கொண்ட பிள்ளைகள் எத்தனை பேர்! 1956இல் சிங்களம் மட்டுமே அரசகரும மொழி என்று சட்டமாயிற்று. 1987இல் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கி, ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்றது. சட்டம் இணைப்பு என்கிறது. பேச்சுக் கூட்டத்திலே அது வாளாகவே சுழல்கிறது. நம் சங்கத்தில் எவரும் எவரையும் அவ்வாறு பரிகசிக்கக்கூடாதென்று இளைஞர்களை வேண்டிக்கொள்கிறேன்.

இன்னொரு எச்சரிக்கை, பெரியோர் பொறுத்தருள்க. கொழும்பிலே நண்பனைப் பற்றி ‘பகர்’ என்று சொன்னால் ‘பாவம், நல்ல பையன்’ என்ற அளவிலே போய்விடும். இங்கிலாந்தில் அதே சொல் வசை. அதன் மூலப்பொருளை இந்த மண்டபத்தில் நான் சொல்லப்போவதில்லை. ஒரு கூட்டத்தின் சொல்லை விளங்கிக்கொள்வது வேறு, எடுத்து வழங்குவது வேறு. காதாற் பலநாள் கேட்டு, யார் யாரிடம் சொல்கிறார், யாரிடம் சொல்வதில்லை என்று பார்த்த பின்னரே நாவில் வைக்கவேண்டும். மேலதிகாரியிடம் நண்பன் பேச்சுப் பேசியவன் கதை எல்லாக் கந்தோரிலும் உண்டு.

கிரிக்கெட் விளையாடும் நம் பிள்ளைகளுக்கு ஒரு வழி எளிது. ‘ஸ்ரிக்கி விக்கெட்’ என்றால் இக்கட்டான நிலை. மழையில் நனைந்த ஆடுகளம் வெயிலிற் காயும்போது பந்து நினையாத பக்கம் திரும்பும், துடுப்பெடுத்தவன் திணறுவான். இப்போது ஆடுகளத்தை மூடிவைக்கிறார்கள். சொல் மட்டும் மூடாமல் நிற்கிறது.

நம் பெரியோர் சிலர் இளமையிற் பழகிய ‘ஓல்ட் சாப்’ இன்று லண்டனிலும் கிழவர் பேச்சு. அமெரிக்கக் கறுப்பின ஜாஸ் இசைஞர் பரப்பிய ‘கூல்’ மட்டும் முதுமையின்றி வாழ்கிறது. எது வாழும், எது மாளும் என்று எந்தப் புத்தகமுஞ் சொல்லாது.

ஆகையால் ஒரு யோசனை. வாசிகசாலை மேசையில் ஒரு கொப்பி வைத்திருக்கிறேன். பழைய கந்தோர்களிலும் புகையிரதத்திலும் தாம் கேட்ட ஆங்கிலப் பேச்சைப் பெரியோர் இடப்பக்கம் எழுதட்டும். இன்றைய பேச்சை இளைஞர் வலப்பக்கம் எழுதட்டும். யார் யாரிடம் சொன்னார் என்பதையும் சேர்த்து எழுதவேண்டும். முதற் சொல்லை எழுத முன்வருபவர்க்குப் பேனா என்னிடம் இருக்கிறது.