திருக்கைகள் கூடும் கழிமுகம்



காவிரிப்பூம்பட்டினத்துக்குப் புகார் என்றொரு பெயர் உண்டு. ஆறு கடலில் புகும் இடம் என்பது அதன் பொருள். அவ்வூரின் சிறப்பைப் பாடும் பட்டினப்பாலை, அங்கு வாழ்ந்த பரதவர் கருவுற்ற சுறாவின் கொம்பை நட்டுத் தெய்வமாகப் போற்றிய செய்தியைக் கூறுகிறது. சுறாவுக்கு ஏது கொம்பு என்று நீங்கள் கேட்கக்கூடும். வாள்போல் நீண்டு, இருபுறமும் பற்கள் பதித்த மூக்கையுடைய ஒரு பெருமீன் உண்டு. வேளா என்பது அதன் பெயர். அம்மீனின் மூக்கே பாட்டில் வரும் கொம்பு என்று அறிஞர் பலர் கருதுவர்.

பார்வைக்குச் சுறாவைப் போல் இருப்பினும், வேளா உண்மையில் திருக்கை இனத்தைச் சேர்ந்தது. சுறாவுக்குச் செவுள் பிளவுகள் உடலின் பக்கங்களில் இருக்கும். திருக்கைக்கோ அடிப்புறத்தில் இருக்கும். வேளாவுக்கும் அப்படியே. இன்று அவ்வினம் உலகெங்கும் அழிவின் விளிம்பில் நிற்கிறது. ஆற்றுமுகத்து ஊரைப் பாடிய புலவர், கருவுற்ற மீன் என்று குறித்திருப்பது என் சிந்தையைக் கவர்கிறது. ஏனெனில், வேளா ஈனும் இடம் கழிமுகமே. குட்டிகள் தம் இளமைப் பருவத்தைக் கழியிலும் ஆற்றிலுமே கழித்துவிட்டுப் பின்னர்க் கடலை நாடுகின்றன.

வேளா மட்டுமன்று, வேறு பல திருக்கைகளும் ஆண்டின் ஒரு பருவத்தில் கழிமுகங்களில் பெருங்கூட்டமாகத் திரள்வதுண்டு. காரணம் என்ன? ஆழமற்ற நீர் வெயிலில் விரைவில் சூடேறும். திருக்கை குளிர்ந்த குருதியுடைய உயிர். வெதுவெதுப்பான நீரில் தாயின் வயிற்றிலுள்ள கரு விரைந்து வளரும். சேற்றில் சிப்பியும் நண்டும் புழுவும் மலிந்து கிடக்கும். பெருஞ்சுறாக்கள் முழங்காலளவு நீருக்குள் எளிதில் நுழைய மாட்டா. ஈற்றறையும் உணவறையும் காவலறையும் ஒருங்கே அமைந்த வீடு என்று கழிமுகத்தைச் சொல்லலாம்.

ஆனால் இங்கேதான் ஓர் இடர் உள்ளது. சாதாரண மீன்கள் இலட்சக்கணக்கில் முட்டையிடும். திருக்கையோ உயிருள்ள குட்டிகளைச் சிலவாகவே ஈனும். ஒரு தலைமுறை முழுவதும் ஒரே கழியில் கூடியிருக்கும்போது, வலை ஒன்று வீசப்பட்டால் என்ன ஆகும் என்பதை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

அமெரிக்காவின் கீழ்க்கரையில் செசபீக் என்னும் பெருங்கழிமுகம் இருக்கிறது. கோடைதோறும் பசுமூக்குத் திருக்கை எனப்படும் இனம் அங்குத் திரள் திரளாக வந்து சேர்கிறது. பெண் திருக்கை ஏறத்தாழ 11 மாதம் சுமந்து, பெரும்பாலும் ஒரே ஒரு குட்டியை ஈனுகிறது. 2007ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை, பெருஞ்சுறாக்கள் குறைந்ததால் இத்திருக்கைகள் பெருகிச் சிப்பிகளைத் தின்று தீர்த்தன என்று கூறிற்று. உடனே, கழியைக் காக்கத் திருக்கையைத் தின்போம் என்ற இயக்கமே கிளம்பிவிட்டது! வில்லும் அம்பும் கொண்டு திருக்கைகளை வேட்டையாடும் போட்டிகளும் நடைபெற்றன. 2016இல் வேறு அறிஞர்கள் அதே கணக்கை மறுபடி ஆராய்ந்தனர். ஆண்டுக்கு ஒரு குட்டி ஈனும் உயிர் அவ்வளவு விரைவில் பெருகவே இயலாது என்பதும், சிப்பிகளின் வீழ்ச்சி அதற்கு முன்பே தொடங்கிவிட்டது என்பதும் புலனாயின. 2017இல் மேரிலாந்து மாநிலம் அப்போட்டிகளை நிறுத்தி வைத்தது. கூட்டமாய்க் கண்ணில் பட்டதே அத்திருக்கைகள் செய்த குற்றம். கூட்டத்தைக் கண்டவர்கள் பெருக்கம் என்று எண்ணிவிட்டார்கள்.

நம் நாட்டில் 2001ஆம் ஆண்டு வேளா இனங்களும் வேறு சில திருக்கைகளும் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. நல்லதே. எனினும், சட்டம் உயிரின் பெயரைச் சொல்கிறது. வலைக்குப் பெயர் தெரியாது. வலை கரையேறும்போது அதில் சிக்கிய திருக்கை பெரும்பாலும் செத்திருக்கும், அல்லது சாகும் நிலையில் இருக்கும். நாள் முழுதும் உழைத்துத் திரும்பும் மீனவரைக் குறை கூறுவது என் நோக்கமன்று. அவர் வலைவிரிக்கும் இடம் எப்படிப்பட்டது, எந்தப் பருவத்தில் அங்கு ஈற்று நடக்கிறது என்பதை அவரோடு சேர்ந்து ஆராய்ந்தால்தான் சட்டத்துக்கு உயிர் வரும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நம் கீழைக் கடலில் விசைப்படகுகள் மீன்பிடிக்கத் தடையுண்டு. கழிமுகத்துக்கோ அப்படித் தனித்ததொரு நாட்காட்டி வேண்டும்.

கழிமுகம் என்றவுடன் தொலைவில் தேட வேண்டுவதில்லை. நான் வாழும் கோடம்பாக்கத்தில் கடலோசை கேட்பதில்லை. ஆயினும் வள்ளுவர் கோட்டத்துப் பக்கத்தில் தொடங்கும் மாம்பலம் கால்வாய், தியாகராய நகர் வழியே சென்று அடையாற்றில் கலக்கிறது. எங்கள் தெருவில் விழும் மழைத்துளியும், அத்துடன் நாங்கள் சேர்த்தனுப்பும் கழிவும், பட்டினப்பாக்கத்துக்கும் ஊரூர்க் குப்பத்துக்கும் இடையே கடலைத் தொடுகின்றன. ஆழமற்ற நீர், வளமான சேறு, ஏறி இறங்கும் ஓதம் என ஒரு கழிமுகத்துக்கு வேண்டிய இயல்பு யாவும் அடையாற்று முகத்துக்கு உண்டு. ஆனால் கோடையில் ஆற்றின் ஓட்டம் தளர்கிறது. கரையோர நீரோட்டம் மணலைக் கொணர்ந்து கொட்டுகிறது. முகத்துவாரத்தில் மணல்திட்டு எழுந்து வழியை அடைக்கிறது. ஓதம் உள்ளே வருவது நின்றதும், சாக்கடை நீர் தேங்கி உயிர்வளி குறைகிறது. மீன்கள் மூச்சுத் திணறுகின்றன. வடகிழக்குப் பருவமழையில் வெள்ளம் வரும்போது அத்திட்டு உடைகிறது. பின்னர் மீண்டும் கோடை, மீண்டும் திட்டு.

2011இல் இந்தக் கழியையொட்டி 58 ஏக்கரில் சதுப்பு நிலம் செப்பனிடப்பட்டுத் தொல்காப்பியப் பூங்கா திறக்கப்பட்டது. பறவைகளும் மீன்களும் அங்குத் திரும்பின. பூங்காவுக்குள் நீரைத் தூய்மை செய்தாயிற்று. அதற்கு வெளியே, முகத்துவாரம் ஆண்டு முழுதும் திறந்திருப்பதும், கால்வாயில் கழிவு கலவாதிருப்பதும் இன்னும் நிறைவேறாத வேலைகளாகவே நிற்கின்றன. கல்லூரியில் உயிரியல் பயிலும் நீங்கள், பருவத்துக்கு ஒருமுறையாவது அம்முகத்துவாரம் சென்று, திட்டு எவ்வளவு உயர்ந்திருக்கிறது, வலையில் என்னென்ன ஏறுகிறது என்று ஊரூர்க் குப்பத்துப் பெரியவர்களிடம் கேட்டுக் குறித்துவரலாம். அந்தக் குறிப்பேட்டில் திருக்கைக்கு ஒரு பக்கத்தை ஒதுக்கி வையுங்கள்.