கம்பிதான் விழுந்திருக்கு!



ஆஃபர் லெட்டர் வாங்கியும் ஜாயினிங் டேட் வராம எட்டு மாசம் வீட்டுல இருந்தவன் நான். 'இப்போ என்னப்பா பண்ற?'னு சொந்தக்காரங்க கேட்கிற வலி உங்களுக்கும் தெரியும்.

அப்போ எனக்குத் தெம்பு கொடுத்தவர் நம்ம சேலத்து மாரியப்பன் தங்கவேலு. 5 வயசுல பஸ் ஏறி வலது கால் சிதைஞ்சுது. அம்மா காய்கறி வித்து வளர்த்தாங்க. பாராலிம்பிக் உயரம் தாண்டுதலில் 2016 ரியோவில் தங்கம், 2021 டோக்கியோவில் வெள்ளி, 2024 பாரிஸில் வெண்கலம். பதக்கத்தோட நிறம் இறங்குதேன்னு அவர் ஒதுங்கல.

அந்தப் போட்டியில ஒவ்வொரு உயரத்துக்கும் 3 வாய்ப்பு உண்டு. கம்பி விழுந்தா எடுத்து வைப்பாங்க. திரும்ப ஓடி வரணும்.

தம்பி, தங்கச்சி, இன்னைக்கு ஒரு அப்ளிகேஷன் போடுங்க. ரிஜெக்ட் ஆனா நாளைக்கு இன்னொண்ணு. கம்பிதான் விழுந்திருக்கு, நீங்க விழல!