மனநோயின் அறிகுறிகளை அறிவோம்



காய்ச்சல் கண்டால் வைத்தியரை நாடும் நாம், மனம் நோயுற்றால் மறைக்கின்றோம். 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை அழித்த இக்கரையில் துயரம் புதிதன்று. துயரம் இயல்பே. ஆயினும் இரு வாரங்களுக்கு மேல் நாள்தோறும் மனவாட்டம், உறக்கமின்மை, உணவில் விருப்பமின்மை, பிடித்த வேலையிலும் நாட்டமின்மை ஆகியன தொடருமாயின், அது மனச்சோர்வு நோயாகலாம். காரணமின்றி நெஞ்சு படபடப்பதும் ஓயாது அஞ்சுவதும் பதகளிப்பின் குறிகள்.

இவற்றைச் சோம்பல் என்று ஏசுவதும், பேய்க்குணமென்று கழிப்போடு நின்றுவிடுவதும் தகாது. அருகிருந்து கேட்போம், வைத்தியரிடம் அழைத்துச் செல்வோம். சாவைப் பற்றிப் பேசுவோரைத் தனியே விடாதிருப்போம். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்னும் தொலைபேசி இலக்கத்தையும் நினைவிற் கொள்வோம்.