கொதிகலன் விசிறியும் சார்லஸ் விதியும்

(அறிவியல் ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரை)



பத்தாம் வகுப்பில் சார்லஸ் விதியை நடத்தும்போது மாணவர்கள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “செல்சியஸை ஏன் கெல்வினாக மாற்ற வேண்டும்?” இதற்கு நல்ல விடை, அனல் மின் நிலைய விசிறிகளில் இருக்கிறது.

மேட்டூர், தூத்துக்குடி அனல் மின் நிலையக் கொதிகலன்களில் இரு வகைப் பெரிய விசிறிகள் இயங்குகின்றன. ஒன்று வெளிக்காற்றை உலைக்குள் தள்ளும். மற்றது எரிந்த புகைவாயுவை இழுத்துப் புகைபோக்கிக்கு அனுப்பும்.

ஒரே வேகத்தில் சுழலும் விசிறி, காற்று சூடானாலும் குளிர்ந்தாலும் ஏறத்தாழ ஒரே பருமனைத்தான் நகர்த்தும். மாறுவது நிறை. 20°C-இல் ஒரு கனமீட்டர் காற்றின் நிறை சுமார் 1.2 கிலோகிராம், 40°C-இல் சுமார் 1.13 கிலோகிராம். நிலக்கரி எரியக் குறிப்பிட்ட நிறையுள்ள ஆக்சிஜன் வேண்டும். எனவே மார்கழி விடியலில் போதுமான காற்றைத் தந்த விசிறி, சித்திரை நண்பகலில் அதே வேகத்தில் சுழன்றும் சுமார் 6 விழுக்காடு குறைவாகத் தரும். அதனால்தான் இவ்விசிறியின் அளவைக் கடும் வெயில் நாளைக் கருதி முடிவு செய்கிறார்கள்.

புகைவாயு விசிறியில் சிக்கல் வேறு. அதற்கு வரும் வாயு ஏறத்தாழ 140°C-இல் இருக்கும்; அடர்த்தி குறைவு. அதனால் விசிறி உண்டாக்கும் அழுத்தமும், மோட்டார் எடுக்கும் திறனும் அதே விகிதத்தில் குறையும். ஆனால் உலையைப் பற்றவைக்கும் முன், அதே விசிறி 30°C காற்றை இழுக்க வேண்டும். அப்போது மோட்டாருக்கு எத்தனை மடங்கு திறன் தேவை?

இதைக் கரும்பலகையில் எழுதி மாணவர்களிடமே விடுங்கள். வாயுவைக் காற்றாகவே கொள்ளலாம். சிலர் 140-ஐ 30-ஆல் வகுத்து, நாலரை மடங்குக்கு மேல் என்பார்கள். கெல்வினில் 413-ஐ 303-ஆல் வகுத்தால் 1.36 மடங்கு. “உதகையில் உறைபனி விழும் காலையில் 0°C என்றால் என்ன செய்வீர்கள்?” என்று கேளுங்கள். செல்சியஸ் கணக்கு பூச்சியத்தால் வகுக்கச் சொல்லும். விசிறியோ அங்கும் சுழலும். பனி உருகும் நிலையில் நாம் வைத்த பூச்சியம் வாயுவுக்குப் பூச்சியம் அன்று என்பது அப்போது அவர்களுக்கே புரியும்.

அந்த 1.36 சிறிய எண் அன்று. சூடான வாயுவுக்கு மட்டும் கணக்கிட்டு வாங்கிய மோட்டார், குளிர்ந்த காற்றில் 36 விழுக்காடு கூடுதல் சுமையைத் தாங்க வேண்டும். தாங்காவிட்டால் பாதுகாப்புச் சாதனம் நிறுத்திவிடும். அதுவும் பழுதானால் சுருள் எரியும். ஆகவே மையவிலக்கு விசிறிகளை, டேம்பர் என்னும் அடைப்புத் தகட்டை மூடி இயக்கி, பிறகு மெல்லத் திறப்பார்கள்.

நம் மாணவர்களில் பலர் ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் படித்துவிட்டு ஆலைகளிலும் கொதிகலன் அறைகளிலும் பணிக்குச் செல்கிறார்கள். டேம்பரை ஏன் மூட வேண்டும் என்பதை அறிந்து மூடுபவர் அதை மறக்கமாட்டார். அந்தக் காரணத்தைச் சொல்லிக்கொடுக்க நமக்கு ஒரு பாடவேளை போதும்.