நான்கு நிமிடத்துக்கு ஓராண்டு

பனித்தளத்திற் சறுக்கியாடும் வீரர் ஒருவர் காற்றில் எழுந்து, சுழன்று, ஒற்றைக் காலில் மெல்ல இறங்குகின்றார். காண்போர் அவ்வழகில் மயங்குகின்றனர். அதன் பின்னே மறைந்து கிடக்கும் உழைப்பை அரங்கின் ஒளி காட்டுவதில்லை. தனியாட்டப் போட்டியில் ஒருவருக்குக் கிடைக்கும் பொழுது மிகச் சிறிது. குறும் ஆட்டத்துக்கு 2 நிமிடம் 40 செக்கன். நெடிய ஆட்டத்துக்கு, 2018 ஆம் ஆண்டின் விதிமாற்றத்தின் பின், 4 நிமிடம். இச்சிறு பொழுதுக்காக ஓராண்டு முழுவதும் அவர் ஆயத்தமாகும் முறை யாது?

சர்வதேசச் சறுக்கற் சங்கத்தின் கணக்கிலே போட்டிப் பருவம் யூலை 1 ஆந் திகதி தொடங்குகின்றது. ஒக்டோபர், நவெம்பர் மாதங்களிற் கிராண்ட் பிறீ போட்டிகள். டிசெம்பரில் அவற்றின் இறுதிச் சுற்று. மார்ச் மாதத்தில் உலகப் போட்டி. நான்கு ஆண்டுக்கொருமுறை பெப்ரவரியில் ஒலிம்பிக் விழா. மழைக்கு முன்னரே நிலத்தைப் பண்படுத்தும் உழவனைப் போல, வீரரும் பழைய பருவம் முடிந்த வசந்த காலத்திலேயே புதிய பருவத்துக்கான வேலையைத் தொடங்கிவிடுகின்றார்.

முதல் வேலை இசையைத் தேர்தல். ஆட்ட அமைப்பாளர் அவ்விசைக்கேற்ப அடிகளையும் சுழற்சிகளையும் பாய்ச்சல்களையும் கோக்கின்றார். இசை நல்லதாயிருந்தால் மட்டும் போதாது; ஆடுபவரின் உடலோடும் உள்ளத்தோடும் அது ஒன்ற வேண்டும். ஒன்றவில்லையெனின், எத்துணை அரிய பாய்ச்சலும் இசைக்குப் புறம்பான வித்தையாகவே நிற்கும்.

இரண்டாவது, உடற்பயிற்சி. இன்றைய ஆடவர் போட்டியில் நாற்சுழற்சிப் பாய்ச்சலின்றி முதலிடத்தை நாடுதல் அரிது. ஒரு செக்கனுக்கும் குறைந்த நேரத்தில் உடல் காற்றிலே நான்கு முறை சுழன்று, பின்னோக்கி ஒரே காலில் இறங்கவேண்டும். உடலின் எடையைப்போற் பலமடங்கு தாக்கத்தை அந்த ஒரு கால் தாங்குகின்றது. ஆதலால் வீரர் முதலில் வெறுந்தரையிற் குதித்துச் சுழலப் பழகுவார். பின்னர் இடுப்பிற் கட்டிய கயிற்றைப் பயிற்றுநர் பிடித்துக்கொள்ளப் பனியிற் பாய்வார். கடைசியிலேயே துணையின்றிப் பாய்வார். ஒருநாளில் எத்தனை பாய்ச்சல் என்பதற்கும் அளவு வேண்டும். அளவை மீறிய பயிற்சி இடுப்பையும் கணுக்காலையும் கெடுத்துப் பருவத்தையே பாழாக்கிவிடும்.

காலணியும் சிறு காரியமன்று. புதிய காலணி மரம்போல் விறைத்திருக்கும். அது காலுக்குப் பணியும்வரை காத்திருக்க வேண்டியிருப்பதால், போட்டிகள் இல்லாத மாதங்களிலேயே அதை மாற்றுதல் நன்று. அதன் அடியிலுள்ள உருக்கு அலகுக்கு உட்புறமும் வெளிப்புறமுமாக இரு விளிம்புகள் உள்ளன. எந்த விளிம்பிலிருந்து எழுந்தார் என்பதைக்கூட நடுவர்கள் நோக்குகின்றனர். விளிம்பின் கூர்மை சற்று மாறினாலும் கால் அதை உணரும்.

இவ்வாறு தனித்தனியே பழகியவற்றை ஒன்றாகச் சேர்த்து, இசை தொடங்கி முடியும்வரை இடையறாது ஆடிப்பார்த்தலே கடும் பயிற்சி. விழுந்தாலும் இசை நிற்காது. எழுந்து அடுத்த அடியை அதனிடத்திலேயே வைக்கவேண்டும். மூச்சு வாங்கும் நான்காவது நிமிடத்திலும் பிழையின்றி ஆடுபவரே ஆயத்தமானவர்.

இத்தனையும் செய்தபின்னும் ஒன்று எஞ்சி நிற்கின்றது. செய்த ஏற்பாடு தவறெனக் கண்டால் அதைக் காலத்தோடு மாற்றும் துணிவே அது. இதற்கு அமெரிக்க வீரர் நேதன் செனின் வரலாறு சான்றாகும்.

1999 இல் சோல்ட் லேக் நகரிற் பிறந்த சென், 2018 இல் தென் கொரியாவின் பியோங்சாங் ஒலிம்பிக் விழாவுக்குப் பெரும் எதிர்பார்ப்புக்கிடையே சென்றார். குறும் ஆட்டத்தில் அவருடைய பாய்ச்சல்கள் பிழைத்தன. பதினேழாம் இடமே கிடைத்தது. நெடிய ஆட்டத்தில் ஆறு நாற்சுழற்சிப் பாய்ச்சல்களைச் செய்து, 215.08 புள்ளிகளோடு அவ்வாட்டத்தில் முதல்வரானார். எனினும் முன்னைய இழப்பு பெரிது. முடிவில் ஐந்தாம் இடமே அவருக்குரியதாயிற்று.

அடுத்த மாதமே அவர் உலகப் பட்டத்தை வென்றார். யேல் பல்கலைக்கழகத்திற் கற்றுக்கொண்டே, கலிபோர்னியாவில் இருந்த பயிற்றுநரிடம் தொலைவிலிருந்து அறிவுரை பெற்றார். பின்னர் அடுத்த ஒலிம்பிக்கை முன்னிட்டுப் படிப்பை நிறுத்திவைத்து முழுநேரப் பயிற்சிக்குத் திரும்பினார். மூன்று ஆண்டுகளுக்கு மேலாகத் தனியாட்டத்தில் அவரை வென்றவர் இலர்.

2021 ஒக்டோபரிற் புதிய குறும் ஆட்டமும் புதிய நெடிய ஆட்டமும் கொண்டு பருவத்தைத் தொடங்கினார். முதற் பெரும் போட்டியிலேயே மூன்றாம் இடத்துக்கு இறங்கினார். அடுத்த வாரம் கனடாவில் வென்றார். வென்ற பின்னரும் அவர் நிறைவு கொள்ளவில்லை. ஒலிம்பிக்குக்குச் சில வாரங்களே இருக்க, புதிய ஆட்டங்கள் இரண்டையும் விலக்கிவிட்டு, 2019 டிசெம்பரில் தூரின் நகரில் 335.30 புள்ளிகளைத் தமக்கு ஈட்டித்தந்த பழைய ஆட்டங்களை மீண்டும் கையிலெடுத்தார். மாதக்கணக்கிற் பழகியதைக் கைவிடுதல் எளிதன்று. ஆனால் உடலும் உள்ளமும் நன்கறிந்த இசையிலே அச்சம் குறைந்து நிற்பது இயல்பு.

2022 பெப்ரவரியிற் பீஜிங் நகரிலே, நான்கு ஆண்டுகளுக்கு முன் தம்மை வீழ்த்திய அதே குறும் ஆட்டக் கட்டத்தில் அவர் 113.97 புள்ளிகள் பெற்று உலகச் சாதனை படைத்தார். நெடிய ஆட்டத்தில் முன்போல் ஆறு அல்ல, ஐந்து நாற்சுழற்சிப் பாய்ச்சல்களே செய்தார். மொத்தம் 332.60 புள்ளிகள், தங்கப் பதக்கம்.

அருமையானவற்றை மேலும் மேலும் அடுக்குவதே ஆயத்தமென்று பலர் எண்ணுவர். கோடையில் உழைத்துச் சேர்த்ததை இலையுதிர் காலப் போட்டியில் உரைத்துப் பார்த்து, தனக்கு ஒவ்வாததை மனந்தளராது நீக்குதலும் ஆயத்தமே. சேர்க்கும் உழைப்பும் நீக்கும் தெளிவும் ஒருங்கே வாய்த்தவருக்கே அந்த நான்கு நிமிடம் பயன் தருகின்றது.