நிலவிலிருந்து ஏறி வந்த வழி



யார் நினைவாக இங்கே கூடியிருக்கிறோமோ, அவரிடம் அறிவியல் படித்தவன் நான். 1969 ஜூலை 21, திங்கட்கிழமை. நம் நேரப்படி காலை எட்டரைக்குச் சற்று முன்பு ஆம்ஸ்ட்ராங் நிலவில் கால் வைத்தார். சேதி தெரிந்து பள்ளிக்கூடமே துள்ளிக் குதித்தது. சார் முகத்தில் மட்டும் சிரிப்பில்லை. “இறங்கிட்டாங்க, சரி. ஏறி வரணுமேடா” என்றார். ஆம்ஸ்ட்ராங்கும் உடன் போன இருவரும் 24ஆம் தேதி பசிபிக் கடலில் வந்து விழுந்தார்கள். மறுநாள்தான் வகுப்புக்கு மிட்டாய் வாங்கித் தந்தார். அவருடைய அந்தக் கவலையைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

கென்னடி 1961 மே 25 அன்று அமெரிக்க நாடாளுமன்றத்தில் வைத்த இலக்குக்கு இரண்டு பாதிகள் உண்டு. பத்தாண்டு முடிவதற்குள் நிலவில் மனிதனை இறக்குவது ஒன்று. அவனைப் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவருவது மற்றொன்று. முதல் பாதியை உலகம் மனப்பாடமாகச் சொல்கிறது. பொறியாளர்களின் தூக்கத்தைக் கெடுத்தது இரண்டாம் பாதிதான்.

நிலவில் இறங்கும் கலம், அங்கிருந்து கிளம்ப எரிபொருளையும் கூடவே சுமந்து போயாக வேண்டும். பூமியின் காற்றுமண்டலத்துக்குள் நுழையும்போது வெப்பம் தாங்கும் கவசம், திரும்பும் வழிக்குச் சாப்பாடு என எல்லாவற்றையும் நிலவின் தரைவரை கொண்டுபோய் மறுபடி தூக்கி வருவதென்றால், அதற்கு ஏற்ற ராக்கெட்டைக் கட்டி முடிப்பதற்குள் பத்தாண்டு போய்விடும். லாங்லி ஆய்வு மையத்தில் இருந்த ஜான் ஹூபோல்ட் வேறு வழி சொன்னார். பெரிய கப்பலை நடுக்கடலில் நிறுத்திவிட்டுத் தோணியில் கரைக்குப் போய்வருவதில்லையா? அதுபோலத் தாய்க்கலம் நிலவைச் சுற்றிக்கொண்டிருக்கட்டும், சின்னக் கலம் மட்டும் இறங்கட்டும் என்றார். பூமியிலிருந்து சுமார் 3,84,000 கிலோமீட்டர் தள்ளி இரண்டு கலங்கள் ஒன்றையொன்று தேடிப் பிடிக்க வேண்டும். பிடி தவறினால் காப்பாற்ற ஆளில்லை என்று பெரியவர்கள் தயங்கினார்கள். 1961 நவம்பரில் ஹூபோல்ட் தன் மேலதிகாரிகளையெல்லாம் தாண்டி நாசாவின் உயர் நிர்வாகிக்கு நேரடியாகக் கடிதம் எழுதினார். 1962 ஜூலையில் அவர் சொன்ன வழியே முடிவாயிற்று. நிலவுப் பயணத்தின் வரலாற்றில் எனக்கு மிகப் பிடித்த துணிச்சல் அந்தக் கடிதம்தான்.

திரும்பி வராதவர்களையும் இந்த மேடையில் சொல்லியாக வேண்டும். 1967 ஜனவரி 27 அன்று ஏவுதளத்தில் ஒத்திகை நடந்தபோது அப்பல்லோ 1 கலத்துக்குள் தீப்பிடித்தது. உள்ளே நிரம்பியிருந்தது சுத்தமான ஆக்சிஜன். கதவோ உள்பக்கமாகத் திறப்பது. உள்ளே அழுத்தம் ஏறியதும் அதை அசைக்க முடியவில்லை. கிரிசம், வைட், சாஃபி மூவரும் மாண்டார்கள். அதன்பின் வந்த கலங்களில் கதவு வெளிப்பக்கமாக, சில நொடிகளில் திறந்தது.

நிலவைச் சுற்றிவிட்டு உயிரோடு பூமிக்கு முதலில் திரும்பியவை ஆமைகள். 1968 செப்டம்பரில் சோவியத் நாட்டின் ஸோண்ட் 5 கலம் அவற்றைச் சுமந்து போய்வந்து, நம் இந்தியப் பெருங்கடலில்தான் விழுந்தது. அதே ஆண்டு டிசம்பரில் அப்பல்லோ 8 கலத்தில் போர்மன், லவல், ஆண்டர்ஸ் மூவரும் நிலவைப் பத்து முறை சுற்றினார்கள். வீடு திரும்ப இருந்தது ஒரே ஒரு எஞ்சின். அதையும் நிலவின் மறுபக்கத்தில், பூமியோடு பேச்சு அற்றுப்போன நேரத்தில் முடுக்க வேண்டும். கலம் வெளியே வந்து குரல் கேட்கும்வரை ஹியூஸ்டன் கட்டுப்பாட்டு மையம் காத்திருந்தது.

இப்போது அந்தத் திங்கட்கிழமைக்கே வருவோம். இறங்கு கலத்தின் மேல்பாதியை நிலவிலிருந்து தூக்கும் எஞ்சினுக்கு மாற்று கிடையாது. ஆகவே அதை எவ்வளவு எளிமையாகச் செய்ய முடியுமோ அவ்வளவு எளிமையாகச் செய்தார்கள். எரிபொருளைத் தள்ள பம்பு இல்லை. ஹீலியம் வாயுவின் அழுத்தமே தள்ளியது. பற்றவைக்கத் தீப்பொறியும் தேவையில்லை. இரண்டு திரவங்களும் தொட்டதும் தாமே பற்றிக்கொள்ளும். கெட்டுப்போகக் கூடிய உறுப்புகளைக் கூடுமானவரை விலக்கியே வைத்தார்கள். ஆனாலும் ஆம்ஸ்ட்ராங்கோடு நிலவில் நடந்து முடித்து உள்ளே வந்த ஆல்ட்ரின், தரையில் ஒரு சிறு துண்டு கிடப்பதைப் பார்த்தார். அந்த எஞ்சினுக்கு மின்சாரம் கொடுக்கும் பிரேக்கரின் குமிழ் ஒடிந்து விழுந்திருந்தது. இடுக்கமான அறை, முதுகுப் பை இடித்திருக்க வேண்டும். உலோகத்தை உள்ளே விட்டுக் குத்த அவர் விரும்பவில்லை. தோள்பக்கப் பையில் ஒரு ஸ்கெட்ச் பேனா இருந்தது. குமிழ் இருந்த ஓட்டையில் அதன் முனையை விட்டு அழுத்தினார். பிரேக்கர் உள்ளே போய் நின்றது. வெள்ளை மாளிகையில் நிக்சனுக்கென்று ஓர் இரங்கல் உரை தயாராக எழுதி வைக்கப்பட்டிருந்தது. இருவரும் நிலவிலேயே தங்க நேர்ந்தால் வாசிப்பதற்கு. நம் நேரப்படி அன்றிரவு பதினொன்றரைக்குச் சற்று முன்பு எஞ்சின் பற்றியது. அந்த உரைக்கு வேலையில்லாமல் போயிற்று.

1970 ஏப்ரலில் அப்பல்லோ 13இன் ஆக்சிஜன் தொட்டி வெடித்தபோது லவல், சுவைகர்ட், ஹைஸ் மூவரையும் காத்தது ஹூபோல்டின் தோணிதான். இருவர் இரண்டு நாள் இருக்கச் செய்த கலத்தில் மூன்று பேர் நான்கு நாள் ஒண்டிக்கொண்டார்கள். மூச்சுக்காற்றைச் சுத்தம் செய்யும் டப்பாக்களில் கைவசம் மிச்சமிருந்தவை சதுரம், பொருத்த வேண்டிய இடமோ வட்டம். பிளாஸ்டிக் பை, அட்டை, குழாய், ஒட்டுநாடா கொண்டு அதை இணைக்கும் முறையைத் தரையில் இருந்தவர்கள் செய்து பார்த்து, வரிவரியாக மேலே சொன்னார்கள். இதே வெடிப்பு, தோணியே இல்லாமல் போன அப்பல்லோ 8இல் நேர்ந்திருந்தால்? இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடல் சிலிர்க்கிறது.

நிலவுக்குப் போன அப்பல்லோ வீரர்கள் 24 பேர். தரையில் நடந்தவர்கள் 12 பேர். கொண்டுவந்த கல்லும் மண்ணும் 382 கிலோ. 24 பேரும் வீடு வந்து சேர்ந்தார்கள்.

1972 டிசம்பர் 14 அன்று அப்பல்லோ 17இன் செர்னனும் ஷ்மிட்டும் நிலவை விட்டுக் கிளம்பினார்கள். சற்றுத் தள்ளி நிறுத்திய வண்டியில் ஒரு கேமரா. அதை இயக்கியவர் ஹியூஸ்டனில் இருந்த எட் ஃபெண்டல். கட்டளை நிலவைப் போய்ச்சேர ஒரு நொடிக்கு மேலாகும். படம் திரும்பி வர அதே நேரம். கண்ணால் பார்த்துவிட்டுத் திருப்பினால் கலம் படத்தில் இருக்காது. முந்தைய இரண்டு பயணங்களிலும் கலம் எழுவதைப் பின்தொடர வாய்க்கவில்லை. இம்முறை அவர் எஞ்சின் பற்றுவதற்குச் சில நொடி முன்பே கட்டளையை அனுப்பிவிட்டார். துணுக்குகள் சிதற மேல்பாதி எழுந்தது, கேமராவும் கூடவே முகம் தூக்கியது. சாரின் கவலை தீர்வதை அந்தப் படத்தில் நீங்களும் பார்க்கலாம். புள்ளியாகித் தேயும்வரை கேமரா அதைப் பின்தொடர்கிறது.